யானைக்கு இடம் நம்முடையது, வாடகை யாருக்கு?

கென்யாவில் மாசாய் மாரா என்றொரு வனவிலங்குக் காப்பகம். வெளிநாட்டுக்காரர் ஒருவர் அங்கே சிங்கமும் யானையும் பார்க்கப் போனால், ஜூலை முதல் டிசம்பர் வரையான சீசனில் ஒரு நாளைக்கு 200 டாலர் கட்டணும். 2024-லிருந்து இந்தக் கட்டணம். இது நுழைவுக்கு மட்டும்தான். ஜீப், கூடாரம், சாப்பாடு எல்லாம் தனிக்கணக்கு. என்னோடு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் மனைவியோடு போய்விட்டு வந்து, நூற்றுக்கணக்கில் போட்டோ அனுப்பினார். "அண்ணாச்சி, வாழ்க்கையில ஒரு தடவையாவது பாத்துரணும்" என்றார்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மேக்கரைப் பக்கம் தோட்டம் வைத்திருக்கிறவனுக்கு யானை பார்க்கப் பாஸ்போர்ட் எதுக்கு? மா காய்க்கிற காலத்தில் வடகரை, பண்பொழி, அச்சன்புதூர்ப் பக்கம் ராத்திரி தங்கிப் பாருங்கள். பட்டாசு வெடிக்கிற சத்தத்தைக் கேட்டு ஏதோ கோயில் கொடை என்று வெளியூர்க்காரர் நினைப்பார். கொடை இல்லை, யானை இறங்கியிருக்கு. சொக்கம்பட்டி, வாசுதேவநல்லூர், சிவகிரி என்று மலையை ஒட்டி வடக்கே போகப் போக இதே கதைதான். தெற்கே கடையம் பக்கம் பன்றியும் கரடியும்.

ஆனால் நண்பர் சொன்னதில் ஒரு விஷயம் என்னை விடவில்லை. அவர் தங்கிய இடம் அரசாங்கக் காப்பகத்துக்குள் இல்லை. அதை ஒட்டிய நிலம். மாசாய் குடும்பங்களின் சொந்தப் பட்டா நிலம். 2006 வாக்கில் ஓலாரே ஓரோக் போன்ற இடங்களில் அவர்கள் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். பக்கத்துப் பக்கத்துப் பட்டாக்காரர்கள் சேர்ந்து நிலத்தை ஒன்றாகக் குத்தகைக்கு விடுவது. வேலி போடுவதில்லை, மேய்ச்சலுக்குக் கட்டுப்பாடு, விலங்கு அதன் போக்கில் வந்து போகும். கூடாரம் நடத்துகிற கம்பெனிகள் நிலத்துக்காரருக்கு மாதா மாதம் வாடகை கட்டுகின்றன. அந்த மாதம் யானை வந்ததா, சிங்கம் மாட்டை அடித்ததா என்று யாரும் கேட்பதில்லை. நிலத்தை விலங்குக்கு விட்டிருக்கிறார், அதற்கு வாடகை.

முப்பது வருஷத்துக்கு மேல் கடன் மனு பார்த்தவன் நான். இழப்பீடு என்பதற்கும் வாடகை என்பதற்கும் உள்ள வித்தியாசம் எனக்குச் சட்டென்று உறைக்கும். இழப்பீடு கேட்கிறவன் மனுதாரர். வாடகை வாங்குகிறவன் உரிமையாளர். நம்ம ஊரில் மலையடிவார விவசாயியை ஐம்பது வருஷமாக மனுதாரராகவே வைத்திருக்கிறோம்.

நம்ம பக்கத்துக் காட்டின் கணக்கைப் பார்ப்போம். முண்டந்துறை 1962-ல் சரணாலயம் ஆனது, களக்காடு 1976-ல். 1988-ல் இரண்டையும் சேர்த்துத் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். 2015-ல் குற்றாலம், கடையநல்லூர், சிவகிரி மலைக்காடுகள் நெல்லை வனவிலங்குச் சரணாலயம் ஆகின. 2022-ல் அகத்தியமலை யானைகள் காப்பகம் வந்தது. நான் இதில் எதையும் குறை சொல்ல மாட்டேன். இந்தக் காடு இல்லையென்றால் சிற்றாறு இல்லை, குண்டாறு இல்லை, அனுமன் நதி இல்லை. மூடாக்குப் போட்டு, பலதானியம் விதைத்து, மண்ணைக் காடு மாதிரி ஆக்கணும் என்று பேசுகிற நாம் காட்டுக்கு எதிராகப் பேச முடியாது.

ஆனால் செலவு யார் தலையில் என்று கேட்கலாம் அல்லவா? இன்னொரு வேடிக்கையும் உண்டு. ரசாயனம் போட்ட தோட்டத்தைவிட நம்ம தோட்டத்துக்குத்தான் பன்றி ஆசையாக வரும். மூடாக்குக்கு அடியில் ஈரம் இருக்கும், ஈரத்தில் மண்புழு இருக்கும். வாழைக்கிழங்கைத் தின்ன வந்த பன்றி புழுவுக்காகப் பாத்தியையே உழுது போட்டுவிட்டுப் போகும். மண் நல்லாயிருக்கு என்பதற்குப் பன்றி தருகிற சான்றிதழ் அது.

இப்போது இழப்பீட்டுக்கு வருவோம். யானை ஒரு இளந்தென்னையைச் சாய்த்துக் குருத்தைத் தின்றுவிட்டுப் போகிறது. மரத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை தருவார்கள். பட்டா, சிட்டா, அடங்கல், கிராம நிர்வாக அலுவலர் சான்று, போட்டோ எல்லாம் சேர்த்துக் கொடுத்து, அலைந்து வாங்கணும். அலைச்சலை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். நெட்டைத் தென்னை காய்க்க ஆறு ஏழு வருஷம் ஆகும். பிறகு நாற்பது வருஷத்துக்குக் குறையாமல் காய்க்கும். வருஷத்துக்கு 80 காய், காய் 15 ரூபாய் என்றே வைப்போம். வருஷத்துக்கு 1,200 ரூபாய், நாற்பது வருஷத்துக்கு 48,000. வரப்போகிற பணத்துக்கு வட்டிக் கழிவும் பராமரிப்புச் செலவும் போட்டு எவ்வளவு குறைத்தாலும், செத்தது ஒரு கன்று இல்லை, ஒரு ஓய்வூதியம். இந்தக் கணக்கு போட எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. ராத்திரிக் காவலுக்கும் கிடையாது. டார்ச்சும் தகரமுமாகப் பரணில் உட்கார்ந்து, விடிந்ததும் தண்ணீர் பாய்ச்சப் போகிறவனின் தூக்கத்துக்கு என்ன விலை?

பயிர்க் காப்பீட்டில் வனவிலங்குச் சேதத்தைச் சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. வரட்டும், நல்லதுதான். ஆனால் காப்பீட்டில் பிரீமியத்தின் ஒரு பங்கு நம்முடையது. ஊருக்குப் பொதுவான யானைக்கு நான் பிரீமியம் கட்டுவதா?

பன்றி விஷயத்தில் 2025 ஜனவரியில் மாநில அரசு ஒரு முடிவெடுத்தது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையே சுடலாம். ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விடணும். ஒரு கிலோமீட்டருக்குள் கொல்லக் கூடாது. காட்டைக் காக்கிற நோக்கில் இது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்த ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர் யார்? சேதம் அதிகம் தாங்குகிற முதல் வரிசை விவசாயி. நாட்டின் நன்மைக்காக நீ பொறுத்துக்கொள் என்று ஒருத்தனிடம் சொன்னால், அந்தப் பொறுமைக்கு நாடு ஏதாவது கொடுக்கணும்.

பணம் எங்கிருந்து வரும் என்பீர்கள். சட்டத்தில் ஏற்கெனவே கதவு இருக்கு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2006-ல் செய்த திருத்தப்படி ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் ஓர் அறக்கட்டளை வேண்டும். உள்ளூர் மக்களைச் சேர்த்துக்கொண்டு சூழல் சுற்றுலாவை வளர்ப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. 2012-ல் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலாவுக்கு உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டு, அக்டோபரில் வழிகாட்டு நெறிகள் வந்த பிறகு தடை நீங்கியதே, அப்போதும் வருமானத்தில் உள்ளூர் மக்களுக்குப் பங்கு என்ற பேச்சு பலமாக எழுந்தது. நம்ம கஷ்டம் என்னவென்றால், அந்த அறக்கட்டளைப் பிரிவு புலிகள் காப்பகத்துக்குத்தான். மேக்கரையும் வடகரையும் ஒட்டியிருப்பது சரணாலயம். யானைக்கு இந்த எல்லை தெரியாது, சட்டத்துக்குத் தெரியும்.

பக்கத்துப் பெரியாறு காப்பகத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள். காட்டில் இலவங்கப்பட்டை திருடி விற்றுக்கொண்டிருந்தவர்களையே குழுவாக்கி, பயணிகளைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போகிற வழிகாட்டிகள் ஆக்கினார்கள். தேக்கடிக்கு வருகிறவர் கட்டுகிற கட்டணத்தில் மக்கள் மேம்பாட்டுக்கென்று ஒரு பகுதி தனியே வசூலாகிறது. நம்ம முண்டந்துறையிலும் 1990-களில் உலக வங்கி உதவியோடு அடிவார ஊர்களில் கிராம வனக்குழு அமைத்து, விறகுக்குக் காட்டை நம்பியிருந்த குடும்பங்களுக்குச் சிறுகடன் கொடுத்தார்கள். ஆக, இது நமக்குத் தெரியாத வித்தை ஒன்றும் இல்லை.

காட்டு வாசலில் வசூலாகிற கட்டணம் மட்டும் போதாது, ஒத்துக்கொள்கிறேன். நம்ம ஜில்லாவில் காட்டின் பெயரால் புரளுகிற பெரும்பணம் குற்றாலத்தில் இருக்கிறது. சாரல் விழுந்தால் லாட்ஜ் வாடகை எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்த அருவித் தண்ணீர் லாட்ஜ் ஓனர் விட்ட தண்ணீர் இல்லை. மேலே செண்பகாதேவிக்கும் தேனருவிக்கும் அப்பால் உள்ள காடு பிடித்து வைத்து விடுகிற தண்ணீர். காட்டைப் பார்க்க வருகிறவரிடம் வசூலாகிற ஒவ்வொரு ரூபாயிலும் காட்டின் ஓரத்தில் நஷ்டப்படுகிறவனுக்கு ஒரு பங்கு வேண்டும் என்பது என் வாதம். லாட்ஜ் அறைக்கு ஒரு சிறு தொகை, வண்டி நிறுத்தக் கட்டணத்தில் ஒரு பங்கு, போதும்.

அப்படியானால் நாமே தோட்டத்தில் நாலு குடிசை போட்டு யானை காட்டலாமே என்று ஒரு இளைஞர் நம்ம கூட்டத்தில் கேட்டார். வேண்டாம் தம்பி. மசினகுடியில் 2021 ஜனவரியில் என்ன நடந்தது? அனுமதி இல்லாத தங்கும் விடுதி ஒன்றிலிருந்து எரிகிற டயரைத் தூக்கி யானை மேல் போட்டார்கள். காது வெந்து, அந்த யானை செத்தது. குற்றாலத்திலேயே ரிசார்ட்டுக்குள் செயற்கை அருவி கொட்ட வைக்க ஓடையைத் திருப்பி விட்டார்கள் என்று வழக்குப் போய், 2022-ல் மதுரைக் கிளை தலையிட வேண்டியிருந்தது. ஜன்னலைத் திறந்தால் யானை என்று விளம்பரம் போடுகிறவன் பலாப்பழம் வைத்து யானையைக் கூப்பிடுவான். பழகின யானை அடுத்த நாள் நம்ம தோட்டத்துக்கு வரும். மலையடிவாரத்தில் கட்டடம் கூடக் கூட வழி மறிக்கப்பட்ட யானை வயலுக்குள்தான் நுழையும். தோட்டத்தில் ஆள் தங்கினால் பகலில் மாடு, மண், மூலிகை காட்டுங்கள், பழையதும் சுண்டவத்தலும் போடுங்கள். ராத்திரி யானை காட்டுகிற வேலை நமக்கு வேண்டாம்.

ஆப்பிரிக்காவை அப்படியே கும்பிடவும் தேவையில்லை. 1959-ல் செரங்கெட்டியை யானைக்கும் சிங்கத்துக்கும் ஒதுக்கியபோது அங்கே மாடு மேய்த்த மாசாய்களை வெளியேற்றினார்கள். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. மாராவிலும் 2020-ல் கொரோனா வந்து விமானம் நின்றதும் கூடாரங்கள் காலியாகி, வாடகையைக் குறைத்துவிட்டார்கள். முழுக்கப் பயணியை நம்பினால் அதுதான் கதி. அதனால் அரசு ஒரு அடிப்படைத் தொகை போடணும், சுற்றுலாப் பங்கு அதற்கு மேலே வரணும்.

தொகையை எப்படி முடிவு செய்வது? இதற்கும் வழி இருக்கு. எந்தப் பயிருக்கு ஏக்கருக்கு எவ்வளவு கடன் தரலாம் என்று ஒவ்வொரு வருஷமும் மாவட்ட அளவில் ஒரு குழு கூடி முடிவு செய்கிறது. அதே மாதிரி அதிகாரிகள், வங்கி, விவசாயிகள் சேர்ந்து உட்கார்ந்து, காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள ஏக்கருக்கு இவ்வளவு எல்லை வாடகை என்று வருஷா வருஷம் அறிவிக்கட்டும். சேதம் ஆனாலும் ஆகாவிட்டாலும் கணக்கில் வரணும். குத்தகைக்குப் பயிர் செய்கிறவர் பெயரும் பட்டியலில் இருக்கணும், இல்லாவிட்டால் சென்னையில் இருக்கிற பட்டாதாரர் வாங்கிக்கொண்டு போவார். தலையணைப் பக்கத்துப் பளியர்கள் போன்றவர்களுக்குப் பட்டாவே கிடையாது என்றால், அவர்களுக்கு வழிகாட்டி வேலையில் முதல் உரிமை.

வாடகை வாங்குகிறவருக்கு நிபந்தனையும் உண்டு. வேலியில் நேரடி மின்சாரம் விடக் கூடாது. அவுட்டுக்காய் வைக்கக் கூடாது. விஷம் கூடாது. ஒருத்தர் மீறினால் அந்தக் கிராமத்துக்கே ஒரு வருஷ வாடகை நிற்கும் என்று வையுங்கள். அப்புறம் பக்கத்துத் தோட்டக்காரரே காவல். சுய உதவிக் குழுக் கடன் வசூல் இப்படித்தான் ஒழுங்காக நடந்தது, நான் கண்ணால் பார்த்தது.

அடுத்த கிராமசபைக்கு இதைத் தீர்மானமாகக் கொண்டுபோக வேண்டும். வெறும் கையோடு போனால் எழுதிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். தேதி, சர்வே எண், எந்த விலங்கு, எத்தனை மரம், ஒவ்வொன்றுக்கும் என்ன வயது, அந்த ராத்திரி எத்தனை பேர் காவல் இருந்தீர்கள், பட்டாசுக்கும் பேட்டரிக்கும் என்ன செலவு. விலங்கு வந்தும் சேதம் ஆகாத ராத்திரியையும் எழுதுங்கள், அதுதான் முக்கியம், ஏனென்றால் அந்த ராத்திரிக்கு இன்றுவரை யாரும் ஒரு பைசா கொடுத்ததில்லை. இந்த ஆடியிலிருந்து அடுத்த ஆடி வரை பத்து ஊரில் நூறு நோட்டு சேர்ந்தால், கூட்டிப் பெருக்கி ஒரே தாளில் போட்டுத் தருகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.