திரும்பிவரவும் ஒரு வழி வேண்டும்

போக்கிமான் விளையாட்டில் ஓர் உயிரி அடுத்த வடிவத்துக்கு மாறும்போது திரை ஒளிர்கிறது. சில நொடிகளில் பழைய உருவம் மறைந்துவிடுகிறது. 1996இல் ஜப்பானில் வெளியான முதல் பதிப்புகள் தொட்டு இம்மாற்றம் ஒருவழிப் பாதையாகவே இருந்துவருகிறது. மாற்றம் தொடங்கும்போது ‘பி’ பொத்தானை அழுத்தித் தடுக்கலாம். 1999இன் கோல்டு, சில்வர் பதிப்புகளில் அறிமுகமான எவர்ஸ்டோன் என்னும் கல்லை உயிரியிடம் கொடுத்தும் நிறுத்திவைக்கலாம். மாறி முடிந்தபின் மீள வழியில்லை. போர் முடிந்ததும் கலையும் மெகா வடிவங்கள் வேறு வகை. இவ்விதி தளர்த்தப்பட வேண்டும். ஆனால் விலையின்றி அன்று.

மீள்மாற்றத்தை மறுப்போர் பலரும் முதலில் பற்றிக்கொள்வது ‘பரிணாமம்’ என்ற சொல்லை. பரிணாமம் பின்னோக்கிச் செல்லாது என்பது அவர்கள் வாதம். ஜப்பானிய மூலத்தில் உள்ள ‘ஷின்கா’ என்ற சொல்லும் இதற்குத் துணைநிற்பதுபோல் தோன்றும்: அதன் முதல் எழுத்து முன்னேறுதலையும் இரண்டாம் எழுத்து மாறுதலையும் குறிக்கும். ஆனால் உயிரியலில் பரிணாமம் என்பது தலைமுறைகளின் ஊடாக ஓர் இனத்துக்கு நிகழ்வது. இவ்விளையாட்டில் ஒரு தனியுயிருக்கு நிகழ்வதோ உருமாற்றம். புழு பட்டாம்பூச்சியாவதைப் போன்றது. உருமாற்றமும் எல்லா உயிர்களிடத்தும் ஒருவழியாக இருப்பதில்லை. துரிடாப்சிஸ் டோர்னி என்னும் ஜெல்லிமீன் காயமோ பட்டினியோ நேர்ந்தால் வளர்ந்த நிலையிலிருந்து தன் இளம்நிலைக்கே திரும்பவல்லது. போக்கிமான் உலகின் குறிப்பேடான போக்கிடெக்ஸும் வாலைக் கவ்வியிருக்கும் ஷெல்டர் கடும் போரில் விடுபட்டால் ஸ்லோப்ரோ மீண்டும் ஸ்லோபோக் ஆகிவிடும் என்கிறது. கதை ஏற்பதை விளையாட்டின் விதி மறுக்கிறது. ஆகவே சொல்லின் திசையை இயற்கையின் விதியாகக் கொள்வது பொருந்தாது.

வலுவான மறுப்பு வேறொன்று உண்டு. முதல் பதிப்புகளில் ஆட்டக்காரருக்குக் கிடைப்பது ஒரே ஓர் ஈவீ. அது அடையக்கூடிய வடிவங்களோ மூன்று. ஒன்றைத் தேர்ந்தால் மற்ற இரண்டையும் நண்பரிடம் கேபிள்வழிப் பரிமாற்றத்தில்தான் பெற முடியும். மீட்க முடியாத தேர்வே அங்கு ஒருவரை இன்னொருவரிடம் அனுப்பியது. விளையாட்டின் உயிர்நாடியே பரிமாற்றமாக இருந்த காலத்தில் இவ்விதி நியாயமானது. ஆனால் 1999இல் முட்டையிடும் முறை வந்ததும் வேண்டிய அளவு ஈவீக்களைப் பெற வழி பிறந்தது. அந்த நியாயம் பெரிதும் தளர்ந்தது.

அப்படியானால் புதிய முட்டை ஒன்றைப் பொரித்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். அதிலிருந்து வருவது அதே இனம். அதே உயிரி அன்று. பெயர் சூட்டி, முதல் ஊரிலிருந்து உடன் அழைத்து வந்த ஒன்றுக்கு அது ஈடாகாது. தனியுயிர்மீது பற்று வைக்கும்படி ஆட்டக்காரரைப் பழக்குவதும் இவ்விளையாட்டே. அதே பதிப்புகளில் நட்பு ஓர் அளவீடாயிற்று: ஈவீயின் நட்பு உரிய அளவை எட்டியபின் அது அடுத்த படிநிலையைப் பகலில் அடைந்தால் எஸ்பியானாகவும், இரவில் அடைந்தால் அம்ப்ரியானாகவும் மாறும். அன்பு முதிர்வதாலேயே அன்புக்குரிய உருவம் பறிபோகிறது. 2018இன் ‘லெட்ஸ் கோ’ பதிப்புகளில் துணையாக வரும் பிகாச்சுவும் ஈவீயும் உருமாறுவதே இல்லை. பழைய உருவத்தின் மதிப்பைப் படைப்பாளிகளும் அறிந்தே இருக்கிறார்கள்.

மீளமுடியாமை தேர்வுக்குக் கனம் தருகிறது என்பது உண்மை. ஆனால் விளைவு தெரிந்து செய்யும் தேர்வுக்கே அது பொருந்தும். முதல் பதிப்புகளில் பிகாச்சுவுக்கு இடிக்கல்லைக் கொடுத்தால் அது ராய்ச்சுவாகிறது. அதன்பின் படிநிலை உயர்வால் அது புதிய தாக்குமுறை எதையும் கற்பதில்லை. கல்லால் நிகழும் மாற்றத்தைத் தடுக்க ‘பி’ பொத்தானும் உதவாது. இதை முன்கூட்டி அறியாத சிறுவன் செய்தது தேர்வன்று, விபத்து.

விலையோடு கூடிய மீட்சிக்கு முன்மாதிரி உண்டு. 2015இல் வந்த ‘டிஜிமான் ஸ்டோரி: சைபர் ஸ்லூத்’ விளையாட்டில் உயிரியை முந்தைய வடிவத்துக்குத் திருப்பலாம். அப்போது அதன் படிநிலை 1க்கு இறங்கும். ஆயினும் அதன் உள்ளாற்றல் மதிப்பு உயர்ந்து மேலும் வளரும் எல்லையை விரிக்கும். அங்கே பின்வாங்குதலும் வளர்ச்சியின் ஒரு பகுதி. போக்கிமான் இதை அப்படியே நகலெடுக்க வேண்டியதில்லை. திரும்பும் உயிரி ஈட்டிய படிநிலைகளை இழக்கட்டும். பெயரும் நட்பும் மட்டும் நிலைக்கட்டும். அத்தனை உழைப்பையும் கைவிட்டு ஒருவர் பழைய ஈவீயைத் திரும்பக் கேட்பாராயின், அத்தேர்வின் கனத்தை எவரும் ஐயுற முடியாது.