பங்கு யாருக்கு, கேள்வி யாரிடம்?

கொடைக்கானல் மலையில் விளையும் பூம்பாறைப் பூண்டை ஒரு பெரிய கம்பெனி கையில் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், அறக்கட்டளை, சங்கம் எல்லாம் வெட்டிவேலை என்று வாதாடுகிறார் நண்பர். லாபம் இல்லாத இடத்தில் திறமை இருக்காதாம். முதலாளி இல்லாத இடத்தில் பொறுப்பு இருக்காதாம். மலையிலேயே குடியிருந்துகொண்டு இரண்டாவதைச் சொல்ல அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

முதலாவதற்கு மதுரை வரை இறங்கிப் போனால் போதும். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை நடத்துவது அறக்கட்டளைதான். வசதியுள்ளவர் கட்டும் பணத்தில் இல்லாதவருக்கும் கண்புரை அறுவை நடக்கிறது, அதற்கு மேலும் மிஞ்சுகிறது. அந்த மிச்சத்தைப் பங்கு போட்டுக்கொள்ளத்தான் அங்கே ஆளில்லை. 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவும் இதையே சொல்கிறது: சம்பாதிக்கலாம், டிவிடெண்ட் கொடுக்கக் கூடாது.

இனி பொறுப்பு. அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து பெயர்த்துக்கொண்டு வரப்பட்டு, 1980களில் கொடைக்கானலில் ஓடத் தொடங்கிய தெர்மாமீட்டர் ஆலை பின்னால் இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. அதற்கு முதலாளி இல்லையா? லண்டன் வரை பங்குதாரர்கள் இருந்தார்கள். அப்படியும் பாதரசம் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. 2001 மார்ச்சில் அதை ஊருக்குக் காட்டியவர்கள் தொழிலாளர்களும், பழனிமலைப் பாதுகாப்புக் குழுவும், கிரீன்பீஸும். ஒரு பைசா டிவிடெண்ட் பார்க்காதவர்கள். ஆலை மூடியது, 2003இல் ஏறக்குறைய 290 டன் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. முன்னாள் தொழிலாளர் 591 பேரோடு உடன்பாடு ஏற்பட்டதோ 2016இல்தான். நண்பர் புகழும் பொறுப்பு நடுவில் 15 வருடம் எங்கே போயிருந்தது?

போலி டிரஸ்ட்டுகள் இல்லையா என்பார். ஏன் இல்லை? நன்கொடை என்ற பெயரில் சீட்டு விற்கும் கல்லூரி டிரஸ்ட்டுகளைத் தமிழ்நாட்டில் யாருக்குத் தெரியாது? ஆனால் அவை கெட்டது, பங்கு போடக்கூடாத பணத்தைக் குடும்பத்துக்குள் பங்கு போட்டதால். லாபம் போதாமல் அல்ல. நண்பரின் மருந்தைத்தான் அவை அளவுக்கு மீறிக் குடித்திருக்கின்றன.

பூண்டுக்கு வருவோம். 2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைக்கப் பின்னால் நின்று உழைத்தது அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம். அப்போது எந்தக் கம்பெனியும் படியேறி வரவில்லை. பெயருக்கு மதிப்பு கூடியபின் வர ஆசைப்படலாம், தப்பில்லை. கம்பெனியேதான் வேண்டும் என்றால் உழவர் உற்பத்தியாளர் கம்பெனிக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. அங்கே பயிர் செய்கிறவரே பங்குதாரர். தனி ஆட்கள் உறுப்பினராக உள்ள கம்பெனியில், எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. போட்ட சரக்குக்கு ஏற்ப ஊக்கத்தொகை. அதைப் பற்றி நண்பர் வாயே திறக்கவில்லை. வடுகபட்டி மண்டியில் விலை சரியும் வாரத்தில் அவருடைய பெரிய கம்பெனி மூட்டைக்கு என்ன கொடுக்கும் என்பதையும் சொல்லவில்லை. அந்த ஒப்பந்தத் தாளை முதலில் ஊர்க்கூட்டத்தில் வாசித்துக் காட்டட்டும்.