பொறுமைசாலி எனப் புகழ்ந்தால் போதுமா?

கொலம்பியா நாட்டின் அந்தியோகியா மலைப்பகுதியில், சில குடும்பத்தாருக்கு 45 வயதையொட்டியே நினைவு மங்கத் தொடங்குகிறது. சூனியமென்றும் சாபமென்றும் அங்குள்ளோர் அஞ்சிய அந்நோய், வழிவழி வரும் அல்சைமரே என்பதை மருத்துவர் பிரான்சிஸ்கோ லொபேராவின் நெடுநாள் ஆய்வு காட்டிற்று. காரணமான மரபணு 1995-இல் கண்டறியப்பட்டது. பெற்றோரில் ஒருவரிடம் அப்பழுது இருப்பின், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு.

எனவே, கணவனுக்கு ஊட்டி, குளிப்பாட்டி, இரவெல்லாம் விழித்திருக்கும் மனைவி, தன் மக்களின் முகத்தையும் அச்சத்தோடு பார்க்கிறாள். எந்நாட்டிலும் இத்தகையவளைப் 'பொறுமைசாலி' எனப் புகழ்ந்துவிட்டு நழுவும் உறவினர் உண்டு. நாம் கேட்கிறோம்: அப்புகழ் அவளுக்கு ஓர் இரவுத் தூக்கத்தையேனும் தருமா? பொறுமையை அவளிடம் மட்டும் எதிர்பார்ப்பது நீதியன்று. வாரத்தில் ஓரிரவு அந்நோயாளியின் அருகில் விழித்திருக்க முன்வருவோரே உறவினர். ஏனையோர் வெறும் விருந்தினரே!