பெயர் பொறிக்காத பூச்சாடி

மும்பைச் சோர் பஜாரில் வானவில் நிறம் மின்னும் பழைய கண்ணாடிப் பூச்சாடியைக் காணும் அன்பர், அடியைத் திருப்பிப் பெயர் தேடுவர். இல்லையேல் மதிப்பில்லையென்று வைத்துவிடுவர். ஆனால், 1900-ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் பெரும்பரிசு பெற்ற லோட்ஸ் ஆலை, பொஹீமியாவில் செய்த சாடிகளுள் பெரும்பாலானவை பெயரற்றவையே.

அங்ஙனமாயின் அறிவது எவ்வாறு? ஒவ்வொரு சாடியின் உருவரையையும் காகிதத்தில் வெட்டி, எண்ணிட்டு வைப்பது அவ்வாலையின் வழக்கம். அவற்றுள் பல எஞ்சி, 1989-இல் நூலாகவும் வெளிவந்தன. சாடியின் வடிவமும் உயரமும் முதலில் அவற்றுடன் பொருந்தவேண்டும். நிறத்தை மட்டும் நம்பலாகாது. க்ராலிக், ரிண்ட்ஸ்காப் முதலிய பொஹீமிய ஆலைகளும் அதே மினுமினுப்பைத் தந்தன. அடியில் இரும்புக்கோலை ஒடித்த வடு, லோட்ஸ் சாடிகளில் பெரும்பாலும் வழுவழுப்பாகத் தேய்க்கப்பட்டிருக்கும்.

முகவரிச் சீட்டு உதிர்ந்த பார்சலை எங்கள் ரயில்வே அலுவலகத்தில் எறிந்துவிடுவதில்லை; எடையையும் உள்ளிருப்பதையும் ஏட்டுடன் ஒப்பிடுகிறோம். இதுவும் அம்முறையே.

விலையை உயர்த்தும்பொருட்டுப் பிற்காலத்தில் பொய்ப்பெயர் பொறித்த சாடிகளும் உண்டு. ஆகையால் பெயருள்ள சாடியைத்தான் நான் இருமுறை திருப்பிப் பார்ப்பேன். பாட்டனார் காலத்துச் சாடி தங்கள் இல்லத்தில் இருப்பின், காயலான் கடைக்குப் போடுமுன் உயரத்தை அளந்து, அடிப்புறத்தையும் படமெடுத்து வையுங்கள்.