காலுக்குக் கீழே சரி, தலைக்கு மேலே வேணாம்

படிச்சது சிவில், பொழப்பு பொட்டி தட்டுறது. நம்ம பதிவர்கள்ல பாதிப் பேர் கதை இதுதான்ங்கிறதால விளக்கம் தேவையில்லை. ஆனா போன மாசம் அப்பா போன் பண்ணி, "பழைய வீட்டை இடிச்சுட்டு புதுசா கட்டலாம்னு இருக்கேன்ப்பா"ன்னு சொன்னதும், ஆறு வருஷமா உள்ள தூங்கிட்டு இருந்த சிவில் இன்ஜினியர் விலுக்குன்னு எந்திரிச்சு உக்காந்துட்டான்.

எங்க ஊர் மதுரைக்கு மேற்கே. வீட்டுக்குப் பின்னாடி கண்மாய்க்கரை. கரையோரமா ஊர்க்குப்பை முழுக்கக் கொட்டிக் கிடக்கும். சாயங்காலம் ஆச்சுன்னா யாராவது ஒரு புண்ணியவான் தீக்குச்சியைக் கிழிச்சுப் போட்டுட்டுப் போயிடுவார். கேரி பேக்கும் கப்பும் எரியிற அந்தப் புகை நேரா எங்க அடுப்படி ஜன்னல் வழியா உள்ள வரும். அம்மாவுக்கு ரெண்டு வருஷமா வீசிங். இன்ஹேலர் தலகாணிக்குப் பக்கத்துலயே இருக்கும்.

எரியிற அதே பிளாஸ்டிக்கை உருக்கி, மணல் கலந்து, கல்லா வார்த்து, அம்மா வீட்டுச் சுவரைக் கட்டினா? யோசிச்சுப் பாருங்க, சினிமா கிளைமாக்ஸ் மாதிரி இல்ல? எனக்கு அப்படித்தான் இருந்துச்சு. உடனே ஒரு கம்பெனியைப் பிடிச்சு (பேர் வேணாம் விடுங்க) நாலு சாம்பிள் கல் வரவழைச்சு ஊருக்குத் தூக்கிட்டுப் போனேன். "செங்கல்லை விட லேசு, தண்ணி உறிஞ்சவே உறிஞ்சாது"ன்னு அட்டையில போட்டிருந்தான். 24 மணி நேரம் ஊறப்போட்டா எடையில 20 சதவீதம் வரைக்கும் சாதாரணச் செங்கல் தண்ணி குடிக்கலாம்னு நம்ம இந்தியத் தரக் கணக்கே அனுமதிக்குது. அதோட ஒப்பிட்டு, நான் அப்பாகிட்ட ஒரு பவர்பாயிண்ட் அளவுக்கு லெக்சர் குடுத்தேன்.

பக்கத்துல மேஸ்திரி அண்ணன் பீடியைப் பத்த வச்சுக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுட்டு இருந்தார். கல்லைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டை விரலால ஒரு தடவு தடவினார்.

"தம்பி, இதுல பூச்சு நிக்குமா?"

அவ்ளோதான். நாலு வருஷப் படிப்பு மொத்தமும் அந்த ஒத்தைக் கேள்வியில காலி. செங்கல் கொஞ்சம் தண்ணி குடிக்கிறதாலதான் சிமெண்ட் கலவை அதைக் கவ்விப் பிடிக்குது. தண்ணியே குடிக்காத வழுவழு கல்லுல கலவை எப்படி ஒட்டும்? அட்டையில பெருமையா போட்டிருந்ததுதான் அதோட பிரச்சினையே. அவரு விடாம ஒரு கல்லுல கலவை பூசிக் காயவச்சார். மூணாம் நாள் நகத்தால நெம்பினார், அப்பளம் மாதிரி மொத்தமா உரிஞ்சு வந்துச்சு. வெயில்ல காங்கிரீட் விரியிறதைப் போல பிளாஸ்டிக் பத்து மடங்குக்கு மேல விரியும்ங்கிறது அப்புறந்தான் என் மண்டையில உறைச்சுச்சு. மணல் கலந்தா அது குறையும், ஆனா போகாது. மதுரை வெயிலைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா?

இதோட விட்டிருக்கலாம். எனக்குத்தான் ஈகோ ஆச்சே. பூச்சு இல்லாமலே கட்டலாம், மாட்டிக்கிற மாதிரி வார்த்த கல்லா வாங்கலாம்னு பேசிப் பார்த்தேன். அப்பா ஒண்ணும் பேசல. கொல்லையில கிடந்த காய்ஞ்ச தென்ன மட்டையைப் பத்த வச்சு, மிச்சக் கல்லுல ஒண்ணை அதுல போட்டார். கொஞ்ச நேரம் சும்மா இருந்துச்சு. அப்புறம் ஓரம் இளகிச்சு, சொட்டுச்சு, சொட்டுனது எரிஞ்சுச்சு. கரும்புகை. அம்மா உள்ள இருந்து இருமுற சத்தம் கேட்டதும் நானே வாளித் தண்ணியை ஊத்தி அணைச்சேன்.

அன்னிக்கு ராத்திரி எனக்கு லண்டன் கிரென்ஃபெல் டவர்தான் ஞாபகம் வந்துச்சு. 2017 ஜூன்ல நாலாவது மாடியில ஒரு ஃபிரிட்ஜ்ல பிடிச்ச தீ, 24 மாடிக் கட்டிடத்தோட வெளிச்சுவர்ல ஏறி 72 பேரைக் கொன்னுச்சு. ஏறினதுக்கு முக்கியக் காரணம், சுவருக்கு மேல அழகுக்காக ஒட்டியிருந்த அலுமினியத் தகடுக்கு நடுவுல இருந்த பாலிஎத்திலீன். நம்ம பால் கவர், கேரி பேக் எல்லாம் அதே சரக்குதான்.

ஐவரி கோஸ்ட்ல பிளாஸ்டிக் கல்லுல பள்ளிக்கூட வகுப்பறை கட்டுறாங்களேன்னு யாராவது கேப்பீங்க. கேளுங்க. கொலம்பியாவுல உள்ள ஒரு கம்பெனியோட சேர்ந்து யூனிசெஃப் செய்யுற வேலை அது. 2019ல் 500 வகுப்பறைன்னு இலக்கு வச்சாங்க. அந்தக் கல்லு தீ எளிதில் பரவாத மாதிரி செஞ்சதுன்னு யூனிசெஃப் சொல்லுது. பின்னாடி அவ்வளவு பெரிய அமைப்பு நிக்கிற இடத்துல அது சரி. எங்க ஊர்ல ஒரு அட்டையை மட்டும் நம்பி அம்மாவை அதுக்குள்ள தூங்க வைக்க நான் தயாரில்லை.

அப்போ பிளாஸ்டிக்கை என்னதான் செய்யறது? இதுக்கு விடை எங்க ஊருக்குப் பக்கத்துலயே இருக்கு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன், 2002ல் காலேஜுக்குள்ளயே பிளாஸ்டிக் கலந்த தார் ரோடு போட்டுக் காட்டினார். 2006ல் காப்புரிமை, 2018ல் பத்மஸ்ரீ. அவர் செஞ்சதோட சூட்சுமம் ரொம்ப எளிமை. ஜல்லியைச் சுமார் 170 டிகிரிக்குச் சூடாக்கி, மேல பிளாஸ்டிக் துருவலைத் தூவணும். அது இளகி ஒவ்வொரு கல்லுக்கும் சட்டை போட்ட மாதிரி ஒட்டிக்கும். அதுக்கப்புறம்தான் தார். மழைத்தண்ணி கல்லுக்கும் தாருக்கும் நடுவுல புகுந்து உரிக்கிறதுதான் ரோடு குண்டும் குழியுமா ஆகுறதுக்குப் பெரிய காரணம். இந்தச் சட்டை அதைத் தடுக்குது. கவனிச்சீங்களா, சுவர்ல வில்லனா இருந்த அதே "தண்ணி ஒட்டாத" குணம் இங்க ஹீரோ! ஒரு வழி ரோடுன்னா கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன் பிளாஸ்டிக் உள்ள போகுது. 5 லட்சத்துக்கு மேல ஜனத்தொகை உள்ள ஊர்களைச் சுத்தி 50 கிலோமீட்டருக்குள்ள தார் ரோடு போடறப்ப கழிவுப் பிளாஸ்டிக் சேர்க்கணும்னு மத்திய அரசு 2015ல் உத்தரவே போட்டுச்சு.

கென்யாவுல என்ஸாம்பி மாட்டீன்னு ஒரு பொண்ணு. டேட்டா அனலிஸ்ட் வேலையை 2017ல் விட்டுட்டு, அவங்க அம்மா வீட்டுக் கொல்லையில ஆரம்பிச்சு, பிளாஸ்டிக்கும் மணலும் கலந்து நடைபாதைக் கல் செய்யுறாங்க. 2020ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு விருது குடுத்துச்சு. (பொட்டி தட்டுறவங்க கவனிக்க. நம்மால லீவே எடுக்க முடியல.) அவங்களும் முக்கியமா கால் வைக்கிற இடத்துக்குத்தான் கல் செய்யுறாங்க பாருங்க.

ஆனா இதுலயும் ஒரு சிக்கல் இருக்கு, அதை யாரும் பேசறதில்லைங்கிறதுதான் என் ஆதங்கம். எங்க ஊர் பழைய இரும்புக் கடை அண்ணாச்சிகிட்ட போய் கேட்டேன். பால் கவர் எடுத்துக்குவாராம், தண்ணி பாட்டில் எடுத்துக்குவாராம், உடைஞ்ச குடம் பக்கெட் எல்லாம் எடுத்துக்குவாராம். "சிப்ஸ் கவரு, ஷாம்பு பாக்கெட்டு மட்டும் கொண்டாராதீங்க தம்பி, சும்மா குடுத்தாலும் வேணாம்." அதாவது, விலை போற பிளாஸ்டிக் ஏற்கனவே குடமா பைப்பா மறுபடி பிறக்குது. அதைப் பிடுங்கிக் கல்லாக்கி "பசுமை"ன்னு பேர் வைக்கிறதுல எனக்கு உடன்பாடில்லை. கண்மாய்க்கரையில எரியிறது அண்ணாச்சி வேணாம்னு சொன்ன அயிட்டம்தான்.

அதுலயும் கலப்படமா இருந்தா உருக்க முடியாது. பாட்டில் பிளாஸ்டிக் இளக 250 டிகிரி வேணும், கேரி பேக்குக்கு அதுல பாதியே போதும். பிவிசி ஒரு துண்டு உள்ள போயிட்டாலும் சூட்டுல அமில வாயு வரும். யாராவது உக்காந்து பிரிக்கணும். எங்க பஞ்சாயத்துல அந்த யாராவது, கையுறை கூட இல்லாத ரெண்டு தூய்மைக் காவலர் அக்காங்க. மெஷினுக்கு மானியம், கல்லுக்கு விருதுன்னு பேசுறோம். நாம வீட்டுலயே பிரிச்சுக் குடுத்தா அந்த அக்காங்களுக்குக் குப்பைக்குள்ள கையை விடற வேலை பாதியாக் குறையும். எங்க வீட்டுல இப்போ மூணு சாக்கு தொங்குது. அப்பா இன்னும் மாத்தி மாத்திப் போடறார், அம்மா திட்டுறாங்க.

முடிவு என்னன்னா, சுவருக்கு மேஸ்திரி சொன்ன ஃபிளை ஆஷ் கல்லுதான். வாசல்ல இருந்து துளசி மாடம் வரைக்குமான நடைபாதைக்கு மட்டும் பிளாஸ்டிக் கல் 150 சொல்லியிருக்கேன். வண்டி ஏத்தக்கூடாதுன்னு அப்பாகிட்ட சத்தியம் வாங்கியாச்சு. சக்கரம் தேய்க்கத் தேய்க்க பிளாஸ்டிக் தூளா உதிர்ந்து மறுபடி கண்மாய்க்கே போகும் இல்லையா. விலை சிமெண்ட் கல்லை விடக் கொஞ்சம் கூடத்தான், அது என் சம்பளத்துல.

உங்கள்ல யாராவது இதை வீட்டுல போட்டு நாலஞ்சு கோடை பார்த்திருந்தா, கல்லு வளைஞ்சுச்சா, நிறம் போச்சான்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க மக்களே. அடுத்த மாசம் 10ஆம் தேதிக்குள்ள சொன்னா புண்ணியமாப் போகும், அன்னிக்குத்தான் மேஸ்திரி அண்ணன் மட்டம் பிடிக்க வர்றார் :-)