புழுவின் ஆயுளும் நம் முதியோரும்



நெடுங்காலம் வாழ விரும்பாதார் இலர். முதுமையை விரும்புவாரும் இலர். முதுமை ஏன் வருகிறது, அதைத் தள்ளிப்போட இயலுமா என்னும் வினாக்களுக்கு விடை தேடியவர்களுள் ஒருவர் சிந்தியா கெனியன் என்னும் அமெரிக்க அறிவியலறிஞர். அவ்வம்மையார் ஆராய்ந்ததோ மண்ணில் வாழும் ஒரு சிறு புழுவை!

சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்பது அதன் பெயர். நீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். வாழ்நாள் இரண்டு மூன்று வாரங்களே. மனிதரின் முதுமையை முழுவதும் கண்டறிய ஆய்வாளரின் ஆயுளே போதாது. இப்புழுவின் பிறப்பையும் இறப்பையுமோ ஒரே மாதத்தில் கண்டுவிடலாம். 1960-களில் கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னர் என்னும் அறிஞர் இதனை ஆய்வுக்குத் தெரிந்தெடுத்தார்.

வண்டிச் சக்கரம் தேய்வதுபோல் உடலும் தேய்ந்து முதுமை அடைகிறது என்றே பலர் எண்ணியிருந்தனர். 1993-ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் கெனியனும் அவர்தம் துணைவரும் வியத்தகு செய்தி ஒன்றை வெளியிட்டனர். 'டாஃப்-2' என்னும் ஒரே மரபணு குன்றியிருந்த புழுக்கள் இருமடங்குக்கும் மேலாக உயிர்வாழ்ந்தன. அவை நலிந்து கிடந்து நாளைக் கடத்தவில்லை, சுறுசுறுப்பாக இயங்கின. ஆனால் 'டாஃப்-16' என்னும் மற்றொரு மரபணுவும் பழுதுபட்டால் இந்த நீடிப்பு கிட்டவில்லை.

டாஃப்-2, நம் உடலில் இன்சுலினின் செய்தியை ஏற்கும் உறுப்புப் பொருளுக்கு உறவானது என்பது 1997-இல் தெரியவந்தது. உணவு மிகுந்த காலத்தில் வளரவும் பெருகவும், குறைந்த காலத்தில் உயிரணுக்களைக் காத்துப் பொறுத்திருக்கவும் உடலுக்கு வழிகாட்டும் அமைப்பு இது. பின்னர்ப் பழ ஈக்களிலும் சுண்டெலிகளிலும் இதையொத்த விளைவைக் கண்டனர்.

இது இறைவனின் அதிகாரத்தில் தலையிடுவதன்றோ எனச் சிலர் அஞ்சலாம். அஞ்ச வேண்டுவதில்லை. மரபியலுக்கு அடித்தளமிட்ட கிரகோர் மெண்டல், புருனோ நகரின் அகுஸ்தீன் சபைத் துறவி. மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்துக் கண்ட உண்மைகளை அவர் 1865-இல் அறிவித்தார். படைப்பின் ஒழுங்கைத் தேடுவது படைத்தவரை மறுப்பதாகாது. ஆயினும் புழுவில் கண்டது மனிதருக்கு மருந்தாகிவிடவில்லை. இளமையைப் புட்டியில் அடைத்து விற்போரிடம் பணத்தை இழந்துவிடாதீர்கள்.

இனி, நம் இல்லங்களை நோக்குவோம். முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயுற்றோருக்கு நற்கருணை கொண்டு செல்கையில், "சாமி, ஆண்டவர் என்னை ஏன் இன்னும் வைத்திருக்கிறார்?" என்று முதியோர் கேட்பதுண்டு. உடல் நோவால் மட்டும் எழும் கேள்வியன்று இது. வேளைக்கு உணவு வருகிறது, மருந்தும் வருகிறது, அருகில் அமர்ந்து பேசுவார்தாம் வருவதில்லை. எண்பது வயதினரோடு பேச நேரமில்லாத வீடு, நூற்றிருபது வயதினரை எவ்வாறு போற்றும்? ஆய்வுக்கூடம் நாள்களைக் கூட்டித் தரலாம். அந்நாள்களில் அன்பை நிரப்பும் பொறுப்பு நம்முடையதே.

தாய் தந்தையரை மதிக்குமாறு பணிக்கும் நான்காம் கட்டளையோடுதான் இறைவன் நீடிய வாழ்வை வாக்களித்தார். எருசலேம் ஆலயத்திலே குழந்தை இயேசுவைக் கண்டு, மீட்புக்காகக் காத்திருந்தோரிடம் அவரைப்பற்றி எடுத்துரைத்த அன்னாள் எண்பது கடந்த கைம்பெண். அவ்வயதிலும் இறைவன் அவருக்கு ஒரு பணியை வைத்திருந்தார். நம் வீட்டு முதியோருக்கும் வைத்திருக்கிறார். அதைச் செய்ய நாம் இடம் தருகிறோமா?

இம்மாதம் ஒன்று செய்வோம். மாலைச் செபமாலையின் முதல் பத்து மணிகளை வீட்டின் மூத்தவரே தொடங்கட்டும். குரல் தளர்ந்தால் பேரப்பிள்ளைகள் சேர்ந்து சொல்லட்டும். செபம் முடிந்ததும் உடனே எழுந்துவிடாமல், கால் மணி நேரம் அவரருகே அமர்ந்து அவர் சொல்வதைக் கேளுங்கள். ஏன் இன்னும் இருக்கிறோம் என்னும் அவர்தம் வினாவுக்கு விடை அங்கே கிடைக்கும்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் நிலைப்பதாக!