இடிப்பதற்கு முன் தட்டிப் பாருங்கள்

மேல்தளத்தில் காரை பெயர்ந்து கம்பி வெளியே தெரிந்தால், வேதாரண்யம் பக்கம் இரண்டே யோசனைதான் சொல்வார்கள். சிமென்ட்டைக் குழைத்து அப்பி வெள்ளையடித்துவிடு; இல்லாவிட்டால் இடித்துத் தள்ளிவிட்டுப் புதிதாகக் கட்டு. முதல் யோசனை நாலு மழைக்குத் தாங்காது. இரண்டாவது யோசனை குடும்பத்தைக் கடனில் கொண்டுபோய் நிறுத்தும். இரண்டுக்கும் நடுவே, முறையாகப் பழுதுபார்ப்பது என்று ஒன்று இருக்கிறது. உப்புக்காற்று வீசும் இந்தக் கடலோரத்தில் அரசு அதைத்தான் முதல் வழியாக எடுத்துக்கொள்ள வேண்டும். இடிப்பது கடைசி வழியாக இருக்கட்டும்.

புஷ்பவனம், வெள்ளப்பள்ளம், ஆறுகாட்டுத்துறை, கோடியக்கரை என்று கடலை ஒட்டிய ஊர்களில் தளம் போட்ட வீடு உயிர்காப்புக்கானது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டம் மட்டுமே 6,000க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்தது. அதற்குப் பிறகுதான் மீனவ ஊர்களில் காங்கிரீட் குடியிருப்புகள் வரிசை வரிசையாக எழுந்தன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது கீற்றும் ஓடும் பறந்தன. தென்னையும் மாவும் வேரோடு சாய்ந்தன. ஜனங்கள் ஓடி ஒண்டியது தளம் போட்ட வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும்தான். அடுத்த புயலுக்கும் அவையே அடைக்கலம் என்றால், அந்தத் தளங்களின் உறுதியைக் கவனிப்பது பேரிடர் ஏற்பாட்டில் ஒரு பகுதி. வீட்டுக்காரரின் சொந்தப் பாடு என்று அரசு ஒதுங்கிக்கொள்ள முடியாது.

நோய் என்ன என்று தெரிந்தால்தான் மருந்து பற்றிப் பேசலாம். நல்ல காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி எளிதில் துருப்பிடிக்காது. சிமென்ட்டின் காரத்தன்மை கம்பியைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கியிருக்கும். அந்தப் படலத்தை உடைப்பது உப்பில் உள்ள குளோரைடு. அது இரண்டு வழியாக உள்ளே போகிறது. கடற்காற்றில் வரும் உப்பு சுவரிலும் தளத்திலும் படிந்து, மழை ஈரத்தோடு நுண்துளைகள் வழியாக இறங்குவது ஒரு வழி. கட்டும்போதே கலந்துவிடுவது இன்னொரு வழி. நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பாக இருக்கும் பகுதி இது. குடிக்கவே கொள்ளிடத்துத் தண்ணீரைக் குழாயில் எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் கலவைக்கும், தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதற்கும் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? கைக்கு எட்டிய அடிபம்புத் தண்ணீரும் குட்டைத் தண்ணீரும்தான் பயன்பட்டன.

கம்பி துருப்பிடித்தால் அந்தத் துரு, இரும்பு இருந்த இடத்தைப் போல 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்குதலில் கம்பிக்குக் கீழே உள்ள காங்கிரீட் முதலில் கோடுகோடாக வெடிக்கும். பிறகு தகடு தகடாகக் கழன்று விழும். விழுந்த சில்லு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சுண்ணாம்புப் பூச்சு. மறுபக்கம் கம்பி படுத்திருந்த தடம், செம்பழுப்பு நிறத்தில். நடுவே உள்ள கனம் பல நேரம் ஒரு விரல் அளவுகூட இராது.

அந்த விரல் கனத்தில்தான் பாதி விஷயம் இருக்கிறது. காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, 2000ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே கடலோரச் சூழலைக் கடுமையான வகையில் வைத்திருக்கிறது. அங்கே கம்பி போட்ட காங்கிரீட் குறைந்தது எம்30 தரத்தில் இருக்க வேண்டும். கம்பியை 45 மில்லிமீட்டர் காங்கிரீட் மூடியிருக்க வேண்டும். பாதிப்பு குறைந்த உள்நாட்டுச் சூழலுக்கு எம்20 தரமும் 20 மில்லிமீட்டரும் போதும். தஞ்சாவூருக்குப் போட்ட அளவையே வேதாரண்யத்துக்கும் போட்டால் என்ன ஆகும் என்பதைக் கடலோரத் தொகுப்பு வீடுகளின் மேல்தளங்கள் இன்று காட்டிக்கொண்டிருக்கின்றன. குடியிருப்பவர் செய்த குற்றம் இதில் எதுவுமில்லை.

அரசு இந்தச் சிக்கலை அறியாமல் இல்லை. 2000-01க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டப்பட்ட ஊரக வீடுகளில் 2.5 லட்சத்தை 2,000 கோடி ரூபாயில் பழுதுபார்க்கும் திட்டத்தை 2024இல் அறிவித்தது. வரவேற்கத்தக்க முடிவு அது. சராசரியாகப் பார்த்தால் வீட்டுக்கு 80,000 ரூபாய். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடியில் ஒரு புது வீட்டுக்கு அரசு தருவது 3.5 லட்சம் ரூபாய். ஒரு புது வீட்டுக்கான காசில் நான்கு பழைய வீடுகளைச் சீராக்கலாம் என்பது இந்த இரண்டு தொகைகளையும் பக்கத்தில் வைத்தாலே தெரிகிறது. இடித்துக் கட்டும் குடும்பத்துக்கு வரும் வேறு செலவுகள் இந்தக் கணக்கில் சேரவில்லை: கட்டி முடியும் வரை வாடகை, மானியத்துக்கு மேல் ஆகும் தொகைக்கு வட்டிக் கடன், இடித்த கட்டடக் குப்பையை அள்ளும் கூலி. அள்ளிய குப்பையை வாய்க்கால் கரையில் கொட்டினால் மழைக்காலத்தில் வடிய வழியில்லாமல் வயலில் நிற்கும் தண்ணீருக்கு யார் கணக்கு எழுதுவது?

ஆனால் இந்தத் திட்டத்தில் கடலோரத்துக்குப் பொருந்தாத இரண்டு கோடுகள் இருக்கின்றன. 2001 என்ற ஆண்டுக் கோடு ஒன்று. உள்நாட்டில் 30 ஆண்டு தாங்கும் தளம் உப்புக்காற்றில் 15, 20 ஆண்டுகளிலேயே கழன்று விழத் தொடங்கலாம். ஆழிப்பேரலைக்குப் பின் கட்டிய குடியிருப்புகள் இருபதாண்டை ஒட்டி நிற்கின்றன. அவற்றில் காரை பெயரும் புகார் மாவட்டம் முழுவதும் கேட்கிறது. ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் அவை புதியவை. கம்பியைப் பார்த்தால் பழையவை. இரண்டாவது, ஊரகம் என்ற எல்லைக்கோடு. வேதாரண்யம் நகராட்சி எல்லைக்குள் இருக்கும் ஏழைக் குடும்பத்தின் தளத்தையும் அதே காற்றுதான் அரிக்கிறது. வார்டுக்குள் இருப்பதால் அந்தக் குடும்பம் விண்ணப்பிக்க இடமில்லை.

காத்திருப்பதன் விலை என்ன என்பதற்கு உலகப் பொறியியலில் ஒரு கைக்கணக்கு உண்டு. 1984இல் டி சிட்டர் என்ற பொறியாளர் முன்வைத்தது அது. கட்டும்போதே சரியாகக் கட்ட 1 ரூபாய் செலவழிக்கத் தவறினால், துரு தொடங்குமுன் தடுக்க 5 ரூபாய் ஆகும். தொடங்கிய இடத்தைப் பழுதுபார்க்க 25. எங்கும் பரவிய பிறகு சீரமைக்க 125. எல்லாக் கட்டடத்துக்கும் அட்சரம் பிசகாமல் பொருந்தும் கணக்கல்ல. ஆனால் செலவு எந்த வேகத்தில் ஏறும் என்பதற்குச் சரியான எச்சரிக்கை. நம் கடலோர வீடுகளில் கணிசமானவை 5க்கும் 25க்கும் நடுவே நிற்கின்றன. 125க்குப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இடிக்கும் பட்டியலில் சேர்ப்பது நிர்வாகம் ஆகாது.

பழுதுபார்ப்பு என்று நாம் சொல்வது அப்பி வெள்ளையடிப்பதை அல்ல. சொத்தையைச் சுரண்டாமல் பல்லை அடைத்தால் உள்ளே புரையோடுவதைப் போல, உப்பேறிய காங்கிரீட்டையும் துருவையும் அகற்றாமல் மேலே பூசினால் உள்ளே அரிப்பு தொடரும். பூச்சு மொத்தமாக ஒருநாள் தலையில் விழும். முறையான வேலை சுத்தியலில் தொடங்குகிறது. தளத்தை அடி அடியாகத் தட்டிப் பார்க்க வேண்டும். கெட்டியான இடம் கணீரென்று பேசும். உள்ளே விட்டுப்போன இடம் டொக்கு டொக்கென்று சொல்லும். டொக்குச் சத்தம் கேட்ட இடத்தைச் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, அந்தப் பரப்பு முழுவதையும் கொத்தி எடுக்க வேண்டும். அதுவும் கம்பி தெரிந்த அளவோடு நிறுத்தக் கூடாது. கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழையும் அளவு கொத்த வேண்டும். கம்பியைப் பளபளப்பு வரத் தேய்த்து, அரித்து மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்துக் கட்டி, துருத்தடுப்புப் பூச்சும் ஒட்டுப் பூச்சும் கொடுத்து, பாலிமர் கலந்த கலவையைப் படிப்படியாக ஏற்றி, நல்ல தண்ணீரில் நனைத்து வைக்க வேண்டும். கடைசியில் மேல்பரப்பு முழுவதற்கும் உப்பும் ஈரமும் புகாத பூச்சு. பழுதான துண்டை மட்டும் சரிசெய்துவிட்டு உப்பேறிய அக்கம்பக்கத்தை அப்படியே விட்டால், அரிப்பு ஓரத்துக்கு நகர்ந்து அங்கே தொடங்கும். அதற்காகத்தான் கம்பியோடு துத்தநாகக் கட்டியைப் பிணைத்து வைக்கும் முறை வந்தது. கம்பிக்குப் பதிலாக அந்தத் துத்தநாகம் கரையும்.

இந்த அறிவுக்கு நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு, அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் நிதியிலும் எழுந்த அந்த நிலையம், கட்டுமானக் கம்பிக்கான துருத்தடுப்புப் பூச்சுகளை உருவாக்கியிருக்கிறது. மண்டபம் கடற்கரையில் உப்புக்காற்றில் வைத்துப் பரிசோதிக்கும் களமும் அதற்கு உண்டு. தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இவற்றில் சேர்ந்த அறிவு வேதாரண்யத்துக் கொத்தனாரின் கைக்கு வந்து சேரவில்லை என்பதுதான் குறை.

பழைய கட்டடத்தை ஒட்டுப்போட்டு நிறுத்தி, அது இடிந்து விழுந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. 2021 டிசம்பரில் திருநெல்வேலிப் பள்ளி ஒன்றில் கழிவறைத் தடுப்புச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் பலியானதை யாரும் மறக்க முடியாது. அதன் பிறகு சந்தேகம் வந்தாலே இடித்துவிடுவது அதிகாரிகளுக்குப் பத்திரமான முடிவாகத் தோன்றுவதும் புரிகிறது. ஆனால் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளச் சோதனைகள் இருக்கின்றன. சுத்தியல் தட்டலோடு, கம்பியின் மின்னழுத்தத்தை அளந்து அரிப்பு நடக்கிறதா என்று பார்க்கலாம்; துளையிட்டு எடுத்த பொடியில் எவ்வளவு குளோரைடு இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். தூணிலும் உத்தரத்திலும் கம்பி பெருமளவு கரைந்துபோன வீட்டையும், தளம் தொய்ந்துவிட்ட வீட்டையும் இடிக்கத்தான் வேண்டும். அங்கே சிக்கனம் பேசுவது உயிரோடு விளையாடுவது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் பழுதுபார்க்க முடியாத 25,000 வீடுகளைத் திரும்பக் கட்ட 600 கோடி ரூபாய் அறிவித்தது அப்படிப்பட்ட வீடுகளுக்காகத்தான். எது அந்த வகை, எது இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து முடிவுகட்டக் கூடாது.

புதுக் கட்டடத்தில் எல்லோருக்கும் ஏதாவது இருக்கிறது. ஒப்பந்தக்காரருக்குப் பெரிய வேலை, அரசியல்வாதிக்குத் திறப்பு விழாக் கல்வெட்டு. பழுதுபார்த்த தளத்துக்குக் கல்வெட்டு வைப்பவர் எவருமில்லை. பூசி முடித்த பிறகு உள்ளே செய்த வேலை வெளியே தெரிவதும் இல்லை. அதனாலேயே இந்த வேலைக்குக் கூடுதல் கண்காணிப்பு வேண்டும்.

அரசு செய்ய வேண்டியவை தெளிவானவை. நாகப்பட்டினம் மாவட்டத்தின் கடலோர ஊராட்சிகளுக்கும் நகராட்சி வார்டுகளுக்கும் 2001 என்ற வரம்பையும் ஊரகம் என்ற வரம்பையும் தளர்த்தி, ஆழிப்பேரலைக் குடியிருப்புகளையும் பழுதுபார்ப்புத் திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். சோதனை அறிக்கை இல்லாமல் எந்தத் தள வீட்டையும் இடிக்கும் பட்டியலில் சேர்க்கக் கூடாது. அறிக்கையைக் கிராம சபையில் வாசிக்க வேண்டும். கொத்தி எடுத்து, கம்பி தேய்த்து முடித்த நிலையில் ஒன்றியப் பொறியாளர் நேரில் பார்த்துப் படம் எடுத்த பிறகே பூச்சுக்கு அனுமதி என்று விதி வேண்டும். பணம் கட்டம் கட்டமாகப் போக வேண்டும். கலவைக்கும் நனைப்பதற்கும் நல்ல தண்ணீரை லாரியில் கொண்டுவரும் செலவையும் மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும். கட்டுமானச் செலவில் 1 விழுக்காட்டைத் தீர்வையாகப் பெறும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம், உள்ளூர்க் கொத்தனார்களுக்கும் சித்தாள்களுக்கும் இந்த வேலையைக் கூலியோடு கற்றுத்தர வேண்டும். இனிமேல் இந்தக் கரையில் எழும் ஒவ்வொரு கனவு இல்லமும் 45 மில்லிமீட்டர் விதிப்படிதான் எழ வேண்டும். அதற்கு ஆகும் கூடுதல் செலவை மானியத்தில் ஏற்றித் தர வேண்டும்.

வீட்டுக்காரர்கள் செய்யக்கூடியதும் உண்டு. மொட்டைமாடியில் தண்ணீர் தேங்காமல் வாட்டம் சரியாக இருக்கிறதா, வடிகுழாய் அடைத்திருக்கிறதா, கைப்பிடிச் சுவரில் அரசஞ்செடி முளைத்திருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தாலே தளத்தின் ஆயுள் கூடும். மாடியில் ஈரம் இறங்காமல் தடுக்கும் சுருக்கித் தளமும் தட்டோடும் வெடித்துப்போனால் அவற்றை மாற்றுவது, கீழே தளத்தைக் கொத்திப் பூசுவதைவிட எவ்வளவோ மலிவு.

இந்தப் பகுதியின் மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. புயலும் அந்த மாதங்களில்தான் வருகிறது. கொத்திப் பூசும் வேலைக்கு உரிய காலம் அதற்கு முந்தைய வறண்ட மாதங்கள். எனவே கணக்கெடுப்பைத் தைப் பொங்கல் முடிந்ததும் தொடங்கி, ஆடிக்குள் வேலையை முடிக்கும்படி மாவட்ட நிர்வாகம் கால அட்டவணை போட வேண்டும். வரும் நிதிநிலை அறிக்கையில் கடலோர வீடுகளின் பழுதுபார்ப்புக்கென்று தனித் தலைப்பில் நிதி ஒதுக்க வேண்டும். நான்கு வீடுகளைக் காப்பாற்றும் காசில் ஒரு வீட்டைக் கட்டிவிட்டு மற்ற மூன்றைப் புயலுக்கு விட்டுவைக்கும் ஆடம்பரம் இந்த மாவட்டத்துக்குக் கட்டுப்படியாகாது.